மரக்காலில் செடி வைக்கலாமா?



எங்கள் படிப்பகத்தின் வாசலைப் பார்த்துவிட்டுப் போகும் மாணவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "இதெல்லாம் எங்க வாங்கினீங்க, எவ்வளவு ஆச்சு?" தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கணக்கை மட்டும் எழுதி முடிக்க முடியவில்லை. பழைய பொருளைத் தேடிப் போன இடத்திலெல்லாம் சாதியும் கூடவே வந்து நின்றது. அதனால் இரண்டையும் சேர்த்தே எழுதுகிறோம்.

முதலில் இடம். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு காலனி. 1978ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தின்கீழ் ஆதிதிராவிடர் நலத்துறை நிலம் எடுத்து, வீட்டுக்கு 3 சென்ட் என்று அளந்து கொடுத்த இடம் அது. 3 சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. கொடுத்தபோது அதில் ஒரு குடிசையும் ஒரு முருங்கை மரமும் இருந்தன. இன்று அதே 3 சென்டில் அண்ணன் வீடு, தம்பி வீடு, கழிவறை, ஆட்டுக் கொட்டகை எல்லாம் இருக்கின்றன. வாசல் என்று சொல்ல மிச்சம் இருப்பது ஒரு கோலம் போடும் அளவு. பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க, பெரியவர்கள் சாயங்காலம் பேசிக்கொண்டிருக்க, காலனியில் பொதுவாக ஓர் இடம் வேண்டும். பொதுப் பயன்பாட்டுக்கென்று அப்போதே விட்ட துண்டு நிலத்தில்தான் எங்கள் படிப்பகக் கட்டடம் நிற்கிறது. அதன் முன்னால் 30 அடிக்கு 22 அடி வெற்றிடம். குப்பையும் வேலிக்காத்தானுமாகக் கிடந்தது. அதைத்தான் சரிசெய்தோம்.

புதிதாக வாங்கக் காசு இல்லை. ஆகவே பழைய பொருள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் பழைய பொருள் என்று சந்தையில் தேடத் தொடங்கினால் இரண்டு வகை இருப்பது தெரியும். காயலாங்கடையில் கிலோ கணக்கில் கிடைப்பது ஒன்று. அதே பொருள் துடைத்து, மெருகேற்றி, 'விண்டேஜ்' என்ற பெயரில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்து மடங்கு விலையில் இருப்பது இன்னொன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாகப் பழம்பொருள் கடைகள் உண்டு. இடித்த பெரிய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்கள், கதவுகள், எனாமல் தூக்குகள், பித்தளை அண்டாக்கள் அங்கே கிடைக்கும். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள காபிக் கடைகளின் தோட்டத்தில் அந்த அண்டாவில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விட்டிருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

எங்களுடன் வந்த ஒரு தங்கை, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள், கேட்டாள்: "நம்ம வீடுங்கள்ல ஏன் இந்த மாதிரிப் பழைய பொருள் ஒண்ணுகூட இல்ல?"

நல்ல கேள்வி. பதில் மூன்று பகுதியாக இருக்கிறது.

முதல் பகுதி, வைத்துக்கொள்ள விடவில்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. வீட்டில் மண் பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பது இன்னொன்று. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தம் நூலில் இந்தத் தடைகளைப் பட்டியலிட்டிருக்கிறார். காரைக்குடி அப்போது அதே இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இன்று கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பித்தளை அண்டா புதிதாக இருந்த காலத்தில், அதே மாவட்டத்தில் நம் பாட்டிகள் பித்தளையில் சோறு பொங்கியிருந்தால் அது குற்றம். இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. குஜராத்தில் சானு என்ற கிராமத்தில் 1935 நவம்பரில் தீண்டப்படாத சாதிப் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்ததற்காகத் தாக்கப்பட்டதை அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதியிருக்கிறார்.

இரண்டாம் பகுதி, வைத்திருந்ததை அழித்தார்கள். ஒரு பொருள் பழையதாக வேண்டுமென்றால், அது இருக்கும் வீடு ஐம்பது ஆண்டுகள் எரியாமல் இருக்க வேண்டும். 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து தொலைக்காட்சிப் பெட்டி, மின்விசிறி, பாத்திரம், தானியம் என்று பார்த்துப் பார்த்து உடைத்தது. 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்துக் காலனிகளிலும் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. இரண்டு இடத்திலும் உழைத்துச் சேர்த்த பொருள்தான் குறி.

மூன்றாம் பகுதி, நாமே விற்றோம். இதற்கு வரலாற்று நூல் எதுவும் தேவையில்லை. உங்கள் அம்மாவைக் கேளுங்கள். பள்ளிக் கட்டணம், பிரசவம், சாவு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குடம், ஒரு தவலை காயலாங்கடைக்குப் போயிருக்கும். எடைக்குப் போட்ட அந்தக் குடம்தான் கைமாறிக் கைமாறி 'விண்டேஜ்' ஆகிறது. ஒரு வீட்டின் கஷ்டம் இன்னொரு வீட்டின் அலங்காரம் ஆவதற்கு இரண்டு மூன்று கடைகள் தாண்டினால் போதும்.

இதைச் சொல்வதால் பழைய பொருளே வேண்டாம் என்பதல்ல எங்கள் கருத்து. எதை வாங்குகிறோம், எதற்கு வைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும் என்பதுதான்.

மரக்கால் விஷயத்துக்கு வருகிறோம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இரும்புப் பட்டை போட்ட ஒரு பழைய மரக்கால் கிடைத்தது. எழுநூறு சொன்னார், நானூறுக்குக் கொடுத்தார். பித்தளைப் பூண் போட்டது இன்னொன்று இருந்தது, அது கட்டுப்படியாகவில்லை. வாங்கிய தம்பிகள் அதில் மண் போட்டுத் துளசியோ கற்றாழையோ வைக்கலாம் என்று சொன்னார்கள். வலைத்தளங்களில் அப்படித்தான் படம் போடுகிறார்கள். படிப்பகத்துக்குக் கொண்டுவந்து வைத்த அன்று எதிர்வீட்டு ஆயா வந்தார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மரக்காலைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். விரலை உள்ளே விட்டு அடிப்பலகையைத் தடவினார்.

"இது கூலி அளக்குறது. அடி மேல ஏத்தி வெச்சிருக்கான் பாரு. வாங்குறப்ப வேற மரக்கா, குடுக்குறப்ப வேற மரக்கா" என்றார்.

களத்துமேட்டில் கூலி நெல்லுக்கு நின்றவர்களுக்கு அளவு என்பது என்ன என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்த போராட்டம், கூலியாகக் கூடுதல் அரைப்படி நெல் கேட்ட போராட்டம்தான். அரைப்படி என்பது எவ்வளவு என்று இன்றைய பிள்ளைகளில் யாருக்கும் தெரியாது. கையால் பிடித்துப் பார்த்ததில்லை.

மூன்று நாள் விவாதம் நடந்தது. ஒரு தரப்பு சொன்னது: நம்மைச் சுரண்டிய கருவியில் நம் பூச்செடி வளரட்டும், அதுதான் வெற்றி. இன்னொரு தரப்பு: அதை வாசலில் வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் பழமை அழகாகத்தான் தெரியும், அடிப்பலகை ஏறியிருப்பது மண்ணுக்குள் மறைந்துபோகும். வேறொருவர், உடைத்து அடுப்பில் போடுங்கள் என்றார். கடைசியில் ஆயாவிடமே கேட்டோம். "மண்ணக் கொட்டாதீங்க. பசங்களுக்கு அளந்து காட்டுங்க. எவ்ளோ கொறையுதுன்னு அதுங்களே சொல்லட்டும்" என்றார்.

அப்படியே செய்கிறோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொள்ளளவு பாடம் அதில்தான் நடக்கிறது. ஒரு லிட்டர் குவளையால் மணலை அளந்து மரக்காலில் கொட்டுவார்கள். அடிப்பலகை சரியான இடத்தில் இருந்திருந்தால் எவ்வளவு பிடித்திருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். நாளைக்கு ஒரு மரக்காலில் இவ்வளவு குறைந்தால், அறுப்புக் காலம் முழுக்க எவ்வளவு என்று பெருக்குவார்கள். செடி வைப்பதைவிட இது நல்ல பயன் என்று இப்போது எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

உரலும் அம்மியும் வேறு கதை. 2011இல் அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர் கொடுக்கத் தொடங்கிய பிறகு ஆட்டுக்கல்லும் உரலும் தெருவோரத்துக்கு வந்துவிட்டன. நகரத்தில் அதைக் காசு கொடுத்து வாங்கித் தோட்டத்தில் வைக்கிறார்கள். எங்கள் காலனியில் ஐந்து உரல் சும்மா கிடந்தது. பெண்களிடம் கேட்டோம். "போதும்பா, அதக் குத்திக் குத்தித் தோளு போச்சு. செடி வெச்சுக்கோங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார்கள். வைத்தோம். குழியில் பத்துமணிப் பூ இறங்கித் தொங்குகிறது. தண்ணீர் தேங்காமல் இருக்க அடியில் கல் உடைப்பவர் ஒருவரிடம் சொல்லித் துளை போட்டுக்கொண்டோம். மரக்காலுக்கும் உரலுக்கும் வித்தியாசத்தை நாங்கள் முடிவு செய்யவில்லை. அதை உழைப்பில் தொட்டவர்கள் முடிவு செய்தார்கள். பழைய பொருளை வைப்பதற்கு எங்களிடம் இருக்கும் ஒரே விதி இதுதான்.

அடுத்து பெஞ்ச். மூடிவிட்ட ஒரு தனியார் பள்ளியிலிருந்து நான்கு மர பெஞ்ச் வாங்கினோம். இரண்டை வேப்பமரத்தடியிலும் இரண்டைச் சாலையைப் பார்த்தும் போட்டோம். பேருந்துக்கு நிற்பவர்களும் உட்காரலாம் என்பது எண்ணம். ஒரு வாரம் கழித்து ஊர்த் தெருவிலிருந்து ஒருவர் வண்டியை நிறுத்திச் சொன்னார்: "ரோட்டப் பாத்து எதுக்குடா போட்டிருக்கீங்க? திருப்பிப் போடுங்க. நாங்க போற வழியில ஒக்காந்து காலாட்டுறதுக்கா?"

பெஞ்ச் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது அலங்கார விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். 2018 மே மாதம் சிவகங்கை மாவட்டம் கச்சநத்தத்தில் தலித்துகள் மூன்று பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்கு முன்னால் நடந்த தகராறில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வெளியில், எல்லார் கண்ணிலும் படும்படி, நிமிர்ந்து உட்காருவதற்கு நம் ஆட்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாருக்கும் பொது என்று இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தது 1924இல். அரசியலமைப்பின் 15(2) உறுப்பு அதையே 1950இல் உரிமையாக்கியது. சாலையோரத்து பெஞ்சில் உட்கார இன்னும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அன்று இரவே கூட்டம் போட்டோம். பயம் உண்மையானது. ஒரு அம்மா தன் மகனை இரண்டு வாரம் படிப்பகத்துக்கு அனுப்பவில்லை. அவர் செய்ததில் தவறே இல்லை, அவர் பிள்ளை அவருக்கு முக்கியம். திருப்பிப் போட்டுவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண் பிள்ளைகள்தான் எதிர்த்துப் பேசினார்கள். "இன்னைக்கு பெஞ்சத் திருப்புனா நாளைக்கு எங்கள வேற வழியா நடக்கச் சொல்லுவாங்க" என்றாள் ஒருத்தி.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். வட்ட அலுவலகத்தில் புலப்படம் வாங்கினோம். நில அளவரை வைத்து எல்லையை அளந்து கல் நட்டோம். பெஞ்ச் எங்கள் எல்லைக்குள் நாலடி உள்ளே இருந்தது. அதன் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சித் தலைவரிடமும் கொடுத்து ஒப்புதல் வாங்கிக்கொண்டோம். வண்டியை நிறுத்திப் பேசியவர் பேசிய நாள், நேரம், சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். பொது இடத்தை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். இதைப் படிப்பகத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினோம். முதல் ஒரு மாதம் சாயங்காலத்தில் அந்த பெஞ்சில் மகளிர் குழு அம்மாக்கள்தான் உட்கார்ந்தார்கள். பையன்கள் தனியாக உட்காராமல் பார்த்துக்கொண்டோம்.

பெஞ்ச் இன்னும் சாலையைப் பார்த்துத்தான் இருக்கிறது. அந்த அம்மாவின் மகனும் திரும்பி வந்துவிட்டான். பிரச்சினை முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. அந்த வண்டி இன்றும் அந்த இடத்தில் வேகம் குறைந்துதான் போகிறது. பதிவேடும் தயாராக இருக்கிறது.

இனி நீங்கள் கேட்ட கணக்கு.

பள்ளி பெஞ்ச் 4, ஒன்று 450 வீதம் 1,800 ரூபாய். லாரி பாடி கட்டும் பட்டறையில் கழித்த பலகைகள் 900. அதில்தான் நீள மேசையும் சுவர்த் தட்டும் செய்தோம். தகர டிரங்குப் பெட்டி 2, 700. தினமும் புத்தகத்தை வெளியே கொண்டுவந்து திரும்ப உள்ளே வைக்க இதைவிட வசதி எதுவும் இல்லை. இரும்பு டிரம் 2, 500. பழைய அரிக்கேன் விளக்கு 3, 600. அதற்குள் எல்இடி பல்பு போட ஒயரோடு 650. மரக்கால் 400. ரெட் ஆக்சைடு, நீலப் பெயிண்ட், பிரஷ் எல்லாம் 1,150. ஆணி, கீல், உப்புத்தாள் 320. குட்டியானை வாடகை 700. மொத்தம் 7,720 ரூபாய். 52 வீட்டில் 50 ரூபாய் வீதம் 2,600, ஆட்டோ ஓட்டும் தோழர்கள் 1,500, படிப்பகத்தை நடத்தும் நாங்கள் 4,000 என்று 8,100 சேர்ந்தது. மீதி 380 ரூபாய்க்கு விதையும் மண்புழு உரமும் வாங்கினோம்.

காசில்லாமல் கிடைத்தவை: பஞ்சர் கடையில் ஆறு லாரி டயர், இடித்த பழைய வீட்டிலிருந்து நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சீமை ஓடு. ஓட்டைப் பாதியளவு மண்ணில் சாய்த்துப் புதைத்தால் பாத்திக்கு நல்ல கரை. சில ஓடுகளின் அடியில் மங்களூர் என்று அச்சு இருந்தது. பாசல் மிஷன் 1865இல் அங்கே ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியதைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு அதிலேயே முடிந்தது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். ரசாயனம் இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவிக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எங்களுடையவை சமையல் எண்ணெய் வந்தவை. பழைய மரத்தில் உள்ள பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாள் போடும்போது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், சிறுபிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மரத்தைத் தட்டினால் மாவு மாதிரித் தூள் கொட்டினால் உளுத்தது, விட்டுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் தகடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். டயரில் நாலைந்து ஓட்டை போடுங்கள். நன்னீர் தேங்கினால் டெங்குக் கொசு அதில்தான் முட்டையிடும். இரும்புக்கு முதலில் ரெட் ஆக்சைடு, பிறகுதான் நிறம். பல்லாவரம் மாதிரிச் சந்தைக்குச் சாயங்காலம் போங்கள், மூட்டை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். ஆனால் பேரம் பேசும்போது எதிரில் இருப்பவர் யார் என்று பாருங்கள். தரையில் துணி விரித்து நாலு பொருள் வைத்திருப்பவரிடம் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டாம். அவரும் நம்மைப் போன்றவர்தான்.

இன்னொன்று. முதலில் இடத்தின் காகிதத்தைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் செடி வையுங்கள். பட்டா, புலப்படம், எல்லைக்கல் மூன்றும் கையில் இருக்கட்டும். பொருளை வாங்கும் முன் வீட்டில் இருக்கும் ஆயா, தாத்தாவை அழைத்து வந்து, இது எதற்குப் பயன்பட்டது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பதிவேட்டில் இதுவரை இருபத்தாறு பொருளுக்கு அப்படிக் குறிப்பு இருக்கிறது. உங்கள் ஊரில் எழுதியதை எங்களுக்கும் அனுப்புங்கள். டயருக்கு ஓட்டை போடும் கருவி எங்களிடம் இருக்கிறது, கேட்டால் கொடுத்தனுப்புகிறோம்.